ஆயிரம் வாட்ஸ் ஏமாளி!

“இது ஆயிரம் வாட்ஸ் சார்! அது வெறும் ஐம்பதுதான்” என்றார் கடைக்காரர். போனஸ் பணம் பாக்கெட்டில் துள்ள, ஆயிரத்தையே தூக்கிட்டு வந்தேன்.

வீட்டில் அட்டைப்பெட்டியைப் படித்தால்... பி.எம்.பி.ஓ.வாம்! கண் இமைக்கிற நேரத்து உச்ச சக்தியை எல்லா ஸ்பீக்கருக்கும் சேர்த்துக் கூட்டி எழுதுகிற கணக்கு. பொது அளவுகோலே கிடையாது. நிஜமாகத் தொடர்ந்து தருகிற சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். அது பின்பக்கம் பொடி எழுத்தில்: ஸ்பீக்கருக்கு 10 வாட்ஸ்!

மொத்த விற்பனையை லாபம் என்று காட்டிய கதை. பி.காம். படித்த நான் ஏமாந்தேன். வேண்டாம் என்று விட்டு வந்தேனே, அந்த ஐம்பதுதான் அசல் ஆர்.எம்.எஸ்.!

சரி, ஹாலுக்கு எவ்வளவுதான் வேணும்?

88 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர், 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும். 3 மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் 80-ஐ நெருங்கும். சாதாரணப் பேச்சே சுமார் 60தான். ஆக, வசனத்துக்கு ஒரு வாட்டே தாராளம்! குண்டு வெடிக்கிற சீனுக்குத்தான் மீதி. 50 வாட்ஸில் அதே சோபாவில் 95-ஐத் தாண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

அதை நூறாக்கினால்? 3 டெசிபல்தான் கூடும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க, வாட்ஸ் சுமார் பத்து மடங்காகணும். ஆனால் சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாக முறுக்கினால் ஆபத்து. ஒலி சிதைந்து, ட்வீட்டர் புகைந்து போகலாம்.

எனவே, கடையில் இரண்டே கேள்வி: சேனலுக்கு ஆர்.எம்.எஸ். எவ்வளவு? ஸ்பீக்கர் சென்சிடிவிட்டி எவ்வளவு? கடைக்காரர் தலையைச் சொறிந்தால், போனஸோடு வீடு திரும்புங்கள். நான் செய்யாததை நீங்களாவது செய்யுங்க சார்!