எடின்பரோவில் இரண்டு பகல்

நண்பர் வீட்டுக்கு விருந்தினராகச் செல்வோர், அந்நண்பர் வாழும் நகரையும் பார்த்துவர விரும்புவது இயல்பு. ஆனால் அதற்குக் கிடைக்கும் பொழுதோ மிகச் சிறிது. உண்பதற்கும் உறங்குவதற்கும் பழங்கதை பேசுவதற்கும் போக, எஞ்சுவது பெரும்பாலும் இரண்டு பகலே. அவ்விரண்டு பகலில் ஒரு பெருநகரை எவ்வாறு காண்பது? பெயர்பெற்ற கட்டடங்களின் பட்டியலொன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஓடிப் பார்த்துத் திரும்புவது ஒரு முறை. அம்முறையிற் கால் நோகுமேயன்றி நகரம் மனத்திற் பதியாது. வேறொரு முறையும் உண்டு. அதனை வகுத்தவர் ஸ்கொட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் வாழ்ந்தவர். அந்த நகரிலேயே அந்த முறையைக் கைக்கொண்டு பார்க்கும் வாய்ப்பு, ஓகஸ்ட் விடுமுறையொன்றில் எனக்குக் கிட்டியது. அதுபற்றியே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அவர் பெயர் பற்றிக் கெடிஸ். 1854இற் பிறந்து 1932இல் மறைந்தவர். தாவரவியற் பேராசிரியராக விளங்கியவர். ஆயினும் பல்கலைக்கழகப் பட்டம் எதனையும் பயின்று பெறாதவர். பட்டத்தின் பின்னே பிள்ளைகளை ஓட்டும் எம்மனோர் இதனைச் சற்று நின்று கவனிக்கலாம். கெடிஸ் 1892ஆம் ஆண்டில், எடின்பரோக் கோட்டைக்கு அண்மையில் உள்ள உயர்ந்த கட்டடமொன்றைத் தம் வசமாக்கி, அதற்கு நோக்குக் கோபுரம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். அதன் உச்சியில், 1850களிலேயே அமைக்கப்பட்ட இருட்டறைப் படக்கருவி ஒன்று இருந்தது. கூரைமேல் ஒரு கண்ணாடியும் வில்லைகளும். கீழே இருண்ட அறையில் வெண்ணிறமான வட்டமேசை. கண்ணாடியைத் திருப்பத் திருப்ப, நகரத்தின் உயிருள்ள உருவம் மேசைமீது வந்து விழும். தெருவில் நடப்போர் நடப்பதும், வண்டிகள் திரும்புவதும், புகைபோக்கிகளின் மேல் முகில் செல்வதும் அங்கே தெரியும். ஒரு கடதாசித் துண்டை மேசைமீது பிடித்து மெல்ல உயர்த்தினால், தெருவில் நடக்கும் மனிதர் அக்கடதாசியில் ஏறி வருவர்!

கெடிஸ் தம்மிடம் வந்தோரை முதலில் இந்த உச்சிக்கே ஏற்றிச் செல்வார். நகரை முழுமையாகக் கண்ட பின்னரே கீழ் மாடிகளுக்கு இறங்க விடுவார். அடுத்த மாடியில் எடின்பரோ பற்றிய காட்சி. அதன் கீழே ஸ்கொட்லாந்து. அப்படியே இறங்க இறங்க ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, நிலமட்டத்தில் உலகம். அக்காட்சிகள் இன்று அங்கில்லை. கண்ணை ஏமாற்றும் விளையாட்டுக் கருவிகளே மாடிகளை நிறைத்துள்ளன. எனக்கு அவை அத்துணை உவப்பாக இருக்கவில்லை. உடன் வந்த நண்பரின் பிள்ளைகளோ அங்கிருந்து அசைய மறுத்தனர். படக்கருவி மட்டும் இன்றும் குறைவின்றி இயங்குகிறது. என் நண்பர் அந்நகரிற் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. "இருபது வருஷமாய் இதாலைதான் போறன், வாறன், ஒருநாளும் ஏறிப் பார்க்கேல்லை" என்று அவர் படியேறும்போது கூறினார். விருந்தினர் வரும்வரை சொந்த ஊரைப் பாராதிருப்பது எல்லா நாட்டினர்க்கும் பொது.

உச்சியில் நின்று நோக்கினால் முதலிற் புலப்படுவது நிலத்தின் அமைப்பு. கோட்டை நிற்கும் குன்று, ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முன் அவிந்துபோன எரிமலையொன்றின் தொண்டையில் இறுகிய கற்பாறை. பிற்காலத்திற் பனிப்பாளங்கள் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தபோது, இவ்வன்பாறை அவற்றைத் தடுத்து இருபுறமும் பிரித்தது. பாறையின் பின்னே ஒதுங்கிய மென்கல் அரிபடாது, வாலைப்போல் நீண்டு சரிந்து கிடந்தது. அந்த வாலின் முதுகில் அமைந்ததே பழைய எடின்பரோ. மேலே கோட்டை, கீழ்க்கோடியில் ஹோலிரூட் அரண்மனை, இடையே ஏறக்குறைய ஒரு மைல் நீளமான தெரு. வடக்கே ஓர் ஏரி, சுற்றிலும் மதில். பக்கவாட்டிற் பரவ இடமின்மையால் நகரம் மேல்நோக்கி வளர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆறு, ஏழு மாடிகளும் அவற்றுக்கு மேற்பட்டனவுமான கல்வீடுகள் அங்கே எழுந்தன. பெருந்தெருவிலிருந்து இருபுறமும் மீனெலும்புபோல் இறங்கும் ஒடுங்கிய சந்துகளுள் சிலவற்றில், இரு கைகளையும் விரித்தால் இருபக்கச் சுவர்களையும் தொடலாம்.

அந்நாளில் ஒரே படிக்கட்டைச் சுற்றி எல்லா நிலையினரும் வாழ்ந்தனர். நடு மாடிகளிற் பிரபுக்களும் நீதிபதிகளும். அடியிலும் உச்சியிலும் தொழிலாளரும் ஏழைகளும். நீர் வசதி இல்லை. கழிவு வசதியும் இல்லை. இரவானதும் ஓர் எச்சரிக்கைக் குரலோடு அழுக்குநீர் சன்னல் வழியே தெருவில் வந்து விழும். நாற்றம் யாவர்க்கும் ஒன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த நிலையை மாற்றவே வடக்கே புதுநகர் எழுந்தது. ஜேம்ஸ் கிரெய்க் என்னும் இளம் கட்டடக் கலைஞரின் திட்டம் 1767இல் ஏற்கப்பட்டது. ஏரி சிறிது சிறிதாக வடிக்கப்பட்டது. இன்று அந்தப் பள்ளத்திற் பூந்தோட்டம் உள்ளது. நேரான அகன்ற தெருக்கள், ஒரே சீரான வீடுகள், சதுக்கங்கள் எனப் புதுநகர் கண்ணுக்கு இனியதே. ஆனால் வசதியுள்ளோர் யாவரும் அங்கே சென்றுவிட, பழைய மாடங்கள் கூறு கூறாகப் பிரிக்கப்பட்டு ஏழைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன. பழுதுபார்க்க எவரும் இல்லை. 1861 நவம்பரில், நள்ளிரவுக்குப் பின், அத்தகைய மாடமொன்று முழுதாகச் சரிந்து 35 பேர் மாண்டனர். மீட்க வந்தோர் நம்பிக்கை இழந்த வேளையில், தான் இன்னும் சாகவில்லை என இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு சிறுவன் குரல் கொடுத்தான். அவன் முகத்தையும் சொற்களையும் அந்தச் சந்தின் வாயிலிற் கல்லிற் செதுக்கி வைத்துள்ளனர். பயணிகள் பலர் அண்ணாந்து பாராமலே அதன்கீழ்ச் செல்வர். அடுத்த ஆண்டில் ஹென்றி லிட்டில்ஜோன் என்னும் மருத்துவர் நகரத்தின் முதல் சுகாதார வைத்திய அதிகாரியானார். 1865இல் வெளியான அவரது அறிக்கை பழைய நகரின் அவலத்தைத் தெருத்தெருவாக எடுத்துரைத்தது. 1867இல் திருத்தச் சட்டம் வந்தது. மாடங்கள் பல இடிக்கப்பட்டுப் புதிய தெருக்கள் வெட்டப்பட்டன.

இடிப்பதா, விட்டுவைப்பதா என்ற இவ்வழக்கிலேதான் கெடிஸ் நுழைந்தார். 1886இல் மணமுடித்தபின், அவரும் மனைவி அன்னாவும் புதுநகரில் அல்லாது, பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்து மாடத்திலே சென்று குடியேறினர். அயலவருடன் சேர்ந்து சுவருக்குச் சுண்ணாம்பு பூசினர், குப்பைமேடுகளைப் பூம்பாத்திகளாக்கினர், மாணவர் விடுதி அமைத்தனர். முற்றாக அழுகிய கட்டடத்தை மட்டும் நீக்கிக் காற்றுக்கும் ஒளிக்கும் இடம் விட வேண்டும். ஏனையவற்றைச் செப்பனிட வேண்டும். குடியிருப்போரைத் துரத்தலாகாது என்பதே அவர் கொள்கை. வைத்தியர் உடலை ஆராயாது கத்தியை எடுப்பதில்லை. நகரத்தைத் திருத்துவோனும் முதலில் அதனை நடந்து பார்க்க வேண்டும் என அவர் வலியுறுத்தினார்.

இக்கொள்கை நம் பக்கத்துக்கும் வந்தது. சென்னை ஆளுநர் பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பில் கெடிஸ் 1914இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். நகரங்களைப் பற்றி அவர் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த கண்காட்சிப் பொருள்கள் யாவும் வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது எது தெரியுமா? சென்னையிற் குண்டு வீசிச் சென்ற அதே எம்டன்! நம் பாட்டன்மார் வாயிற் பழமொழியாகிவிட்ட அந்த ஜேர்மன் கப்பல், ஒரு பேராசிரியரின் வாழ்நாள் உழைப்பையும் கடலில் ஆழ்த்தியது. அவர் தளரவில்லை, நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915இற் சென்னையிற் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருங்கிய வீடுகளை இடித்து நேர்த்தெரு போடும் யோசனையை மறுத்து, பாழடைந்த சிலவற்றை மட்டும் அகற்றினாற் போதும் என்றார். 1921இற் கொழும்புக்கும் ஒரு முன்னறிக்கை எழுதினார்.

எங்கள் இரண்டாம் பகல் கடல்மூடுபனியோடு விடிந்தது. கோடையிலும் கிழக்குக் கடலிலிருந்து அது ஊர்ந்து வந்து நகரை மறைக்கும். பகல் ஒரு மணிக்குக் கோட்டையிற் பீரங்கி வெடித்தது. 1861இலிருந்து, ஞாயிறு முதலிய சில நாட்கள் நீங்கலாக, நாள்தோறும் வெடிக்கிறது. துறைமுகத்து மாலுமிகள் தம் கடிகாரத்தைச் சரிபார்க்க முன்னர் குன்றொன்றின் உச்சியில் ஒரு பந்து விழும். பனியில் அது தெரியாதாகையாற் செவிக்கும் ஒரு குறி தேவையாயிற்று. பன்னிரண்டு மணிக்கு வெடிக்காதது ஏன் என்றால், பதினொரு வெடிமருந்தை மிச்சம் பிடிக்கத்தான் என ஸ்கொட்லாந்தியரே தம் சிக்கனத்தை நகையாடுவர். பனி விலகிய பின்னர் 251 மீற்றர் உயரமான ஆதர் இருக்கை என்னும் மலையில் ஏறினோம். அதன் அடிவாரப் பாறைகளை ஆராய்ந்தே ஜேம்ஸ் ஹட்டன் என்பார், உருகிய கல் கீழிருந்து புகுந்து இறுகியது எனக் காட்டி, பூமியின் வயதைப் பற்றிய பழைய எண்ணத்தை அசைத்தார்.

மற்றக் கட்டடங்களை விரித்துரைக்கப் போவதில்லை. நண்பரின் வீட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல். அதுவும் நான்கு மாடிக் கல்வீடு. எட்டுக் குடும்பங்களுக்கு ஒரு படிக்கட்டு. அதனைக் கழுவும் முறை யாருடையதோ அவருடைய கதவிலே ஓர் அட்டை தொங்கும். அவ்வாரம் அவ்வட்டை நண்பர் கதவில் தொங்கிற்று. விருந்தினன் என்று பாராது, நானும் வாளியுடன் இறங்கினேன். இரண்டாம் மாடியில் வாழும் மூதாட்டி கதவைத் திறந்து பார்த்து, மூலையைச் சரியாகத் துடைக்கவில்லை என்று சுட்டிக்காட்டினார். ஒரே படிக்கட்டின் வாழ்வு முற்றாக மறைந்துவிடவில்லை.

ஆனால் பழைய நகருக்கு இப்பொழுது வேறொரு நோய். பழைய நகரும் புதுநகரும் 1995இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. பயணிகளுக்குச் சில நாள் வாடகையாக விடுவதே இலாபம் என்றாகி, குடியிருந்தோர் சந்துகளை விட்டு நீங்குகின்றனர். கதவருகே திறப்பு வைக்கும் இலக்கப் பூட்டுப் பெட்டிகளைச் சந்துக்குச் சந்து காணலாம். 2022 செப்ரெம்பரில், முழு நகரும் இத்தகைய வாடகைக்குக் கட்டுப்பாடுள்ள பகுதி என அறிவிக்கப்பட்டது. என்னைப்போல் நண்பர் வீட்டிற் தங்குவோரால் இந்த நெருக்கடி ஏற்படவில்லை என்று எனக்குள் ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

கொழும்புக்கு உறவினரிடம் வருவோரும் கெடிஸின் முறையைக் கையாளலாம். 2022இற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரம் பேரை வாவியின் ஓரத்திலே நிற்கிறது. அதன் மேல்தளத்திலிருந்து துறைமுகமும் புறக்கோட்டையும் வாவியும் தெரியும். உயர்ந்த தொடர்மாடிகளின் இடையிடையே தகரக் கூரைகள் நெருங்கிய தோட்டங்களும் தெரியும். அங்கிருந்த குடும்பங்கள் பல அத்தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டுள்ளன. இன்னும் பல மாற்றப்பட உள்ளன. அவற்றை உச்சியிலிருந்து குறித்துக்கொண்டு, கீழே இறங்கி, மருதானைப் பக்கமாகவோ கொம்பனித் தெருப் பக்கமாகவோ நடந்து செல்ல ஒரு முற்பகல் போதும். வெயில் ஏறுமுன் புறப்படுவது நன்று.