நரம்பா, நாளமா?

சண்டிலிப்பாயிலே எங்கள் உறவினரான மூதாட்டி ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் இடது கணுக்காலின் உட்புறத்திலே, சற்று மேலாக, ஒரு புண் தோன்றி மாதக்கணக்கில் ஆறாதிருந்தது. அதற்கு நெடுநாள் முன்னரே அக்காலில் நீலக்கொடிகள் போன்றவை புடைத்தும் வளைந்தும் தெரிந்தன. "என்ரை கால் நரம்பெல்லாம் முடிச்சு விழுந்து போச்சு" என்று அவர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார். நரம்பு என்ற சொல்லைக் கேட்ட அயலவர் நரம்புத் தளர்ச்சிக்குரிய எண்ணெயை வாங்கிக் கொடுத்தனர். அதனைத் தேய்த்தும் உருவியும் பயன் கிட்டவில்லை. ஈற்றில் வைத்தியரிடம் அழைத்துச் சென்றபோது அவர் ஆங்கிலத்திலே 'வீனஸ் அல்சர்' என்றார். அருகில் நின்ற தாதி அதனை 'நாளப் புண்' என்று விளக்கினார். சென்னையில் வாழும் மகள் தொலைபேசியிலே விசாரித்துவிட்டு, 'இங்கே அதனைச் சிரைப் புண் என்பார்கள்' என்றார். வீனஸ் என்றால் வெள்ளிக் கிரகமல்லவா, அப்பாச்சியின் காலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டான் பேரன்.

நேயர்களே, ஒரு காலுக்கு நான்கு சொற்கள் வந்து சேர்ந்தன. பேரனுடைய ஐயத்தை முதலிலே தீர்த்துவிடலாம். வெள்ளிக் கிரகத்துக்குரிய பெயர் உரோமரின் காதற்றெய்வத்தின் பெயர். வைத்தியர் சொன்ன பெயரடையோ 'வேனா' என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பினும் இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஏனைய மூன்றையும் அவ்வளவு எளிதாகத் தீர்த்துவிட முடியாது.

'வேனா' என்பது உரோமர் வாயிலே குருதி ஓடும் குழாயை மாத்திரம் குறிக்கவில்லை. நிலத்தின் கீழ் ஓடும் நீரோட்டத்தையும், மலையினுள் ஓடும் உலோகப் படிவையும் அச்சொல்லாலேயே குறித்தனர். கிணறு வெட்டுவோர் 'ஊற்றுக்கண்' தேடும் நம் நாட்டாருக்கு இந்தக் கற்பனை விளங்காததன்று. அதனின்று எழுந்த பெயரடைக்கு முதற்பொருள் 'ஓடைகள் நிறைந்தது' என்பதே. வரிகள் படர்ந்த இலையையும் கல்லையும் அவ்வாறு வருணித்தனர். நாமும் இலையின் வரியை நரம்பு என்கிறோமல்லவா?

மருத்துவ நூல்களுக்குள் புகுந்தபோது அச்சொல்லின் பொருள் திரும்பிற்று. கிறிஸ்துவுக்கு முன் 300ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவிலே வாழ்ந்த ஹெரோபிலஸ் என்னும் மருத்துவர், உடலிலுள்ள குழாய்களுட் சிலவற்றின் சுவர் தடித்தும் சிலவற்றின் சுவர் மெலிந்தும் இருப்பதைக் கண்டார். தடித்தது நாடி, மெலிந்தது நாளம். ஆனால் இருதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லுங் குழாய் ஒன்று அக்கால மருத்துவரைக் குழப்பியது. அது நாளங்களோடு சேர்ந்த வலப்பக்கத்திலிருந்து புறப்படுகின்றது. சுவரோ நாடியினுடையது போலத் தடித்திருக்கின்றது. ஆகவே அதற்கு 'நாடித்தன்மையுள்ள நாளம்' என்று பெயரிட்டனர். நுரையீரலிலிருந்து இருதயத்துக்குத் திரும்பும் குழாய் 'நாளத்தன்மையுள்ள நாடி' ஆயிற்று. வைத்தியர் சொன்ன அதே பெயரடை இங்கே சுவரின் மென்மையைச் சுட்டி நின்றது. 1628ஆம் ஆண்டிலே வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை விளக்கி நூல் வெளியிட்டபோதும் இந்தக் குழப்பமான பெயர்களே வழக்கிலிருந்தன.

ஹார்வியின் கண்டுபிடிப்பே அச்சொல்லின் கருத்தை அடியோடு மாற்றியது. அதற்கு முன் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கலென் என்பவரின் கொள்கையே ஆட்சி செய்தது. ஈரலிலே உணவிலிருந்து குருதி உண்டாகி, நாளங்கள் வழியே உறுப்புகளுக்குச் சென்று, அங்கே செலவாகிவிடுகின்றது என்பது அக்கொள்கை. எனவே நாளம் என்பது உணவு கொண்டு செல்லும் வாய்க்கால். ஹார்வியின் ஆசிரியராகிய பப்ரீசியஸ், பாதுவா நகரிலே 1603இல் நாளங்களின் உள்ளே சிறு வால்வுகள் இருப்பதை விவரித்தார்; ஆனால் அவற்றின் பயனைச் சரியாக உணர்ந்திலர். அந்த வால்வுகள் குருதியை இருதயத்தை நோக்கி மாத்திரமே செல்லவிடுகின்றன என்று மாணவர் கண்டார். அன்றிலிருந்து நாளம் என்பது கொண்டு செல்லும் வாய்க்காலன்று, திரும்பி வரும் வழி. 1661இல் மால்பீகி நுண்பெருக்கியினாலே மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டதும், நாடிக்கும் நாளத்துக்கும் இடையிலிருந்த பாலமும் தெரிந்துவிட்டது.

இன்னும் ஒரு படி உண்டு. 1669இலே ரிச்சர்ட் லோவர் என்னும் ஆங்கிலேயர், கருஞ்சிவப்பான குருதி நுரையீரலிலே காற்றோடு சேர்ந்து செஞ்சிவப்பாக மாறுவதைக் காட்டினார். அதன்பின் அந்தப் பெயரடை குழாயை விட்டுக் குருதியையே பற்றிக்கொண்டது; ஒட்சிசன் குறைந்த கருங்குருதி 'நாளக்குருதி' எனப்பட்டது. இதன் விளைவு வேடிக்கையானது. நுரையீரல் நாடியினுள்ளே ஓடுவது நாளக்குருதி. நுரையீரல் நாளத்தினுள்ளே ஓடுவது நாடிக்குருதி! பரீட்சையில் இவ்விடத்திலே தடுமாறாத மாணவர் சிலரே. குற்றம் மாணவருடையதன்று, வெவ்வேறு காலத்துப் பொருள்கள் ஒரே சொல்லில் படிந்திருப்பதே காரணம்.

இனி நம்முடைய சொற்களைப் பார்ப்போம். நரம்பு என்பது பழந்தமிழ்ச் சொல். யாழின் தந்தியும் நரம்பு, தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் நரம்பு, தோலின் கீழே தெரியும் குருதிக்குழாயும் நரம்பு. நீண்டும் மெலிந்தும் முறுகியும் இருப்பதெல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கிற்று. மேலைநாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. கிரேக்கரின் 'நியூறோன்' முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்து, பிற்காலத்திலேயே மூளையிலிருந்து உணர்ச்சியைக் கடத்தும் இழைக்கு உரியதாயிற்று. நம் பாடநூல்கள் நரம்பு என்பதை அந்த உணர்ச்சி இழைக்கே ஒதுக்கிவிட்டன. ஆனால் ஊர்வழக்கு ஒதுங்கவில்லை. 'நரம்பிலே ஊசி போட்டார்கள்' என்று இன்றும் சொல்கின்றோம். உண்மையில் ஊசி ஏறுவது நாளத்தினுள். நரம்பிலே ஏறினால் நோயாளி அலறிவிடுவார்.

நாடி, நாளம் என்பன இரண்டும் வடமொழி வழியாக வந்தவை. இரண்டும் தாமரைத்தண்டு போன்ற உட்டுளையுள்ள தண்டைக் குறித்த, ஒன்றுக்கொன்று நெருங்கிய சொற்கள். இலங்கைத் தமிழர் மணிக்கட்டிலே துடிப்பதை நாடி என்று வைத்துக்கொண்டு, துடியாத மற்றதை நாளம் என்றனர். தமிழ்நாட்டார் தமனி, சிரை என்னும் சொற்களைத் தெரிந்தனர். இவை ஆயுர்வேத நூல்களில் உள்ளவை. சுசுருத சங்கிதை சிரைகள் எழுநூறு என்றும், தமனிகள் இருபத்துநான்கு என்றும் கணக்கிடுகின்றது. தமனி என்பது ஊதுதல் என்னும் பொருளுள்ள வினையடியிலிருந்து பிறந்த சொல். கிரேக்கரும் நாடியைக் காற்றுக்குழாய் என்றே நெடுங்காலம் எண்ணினர். இறந்த உடலிலே நாடிகள் வெறுமையாய்க் கிடந்ததே அவர்களை அவ்வாறு எண்ணத் தூண்டியது.

யாழ்ப்பாணத்திலே மருத்துவம் தமிழுக்கு வந்த வரலாறு எங்கள் ஊருக்கு மிக அண்மையிலே நிகழ்ந்தது. சண்டிலிப்பாய்க்கு அடுத்த மானிப்பாயிலே, 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவம் கற்பித்தார். 1860களிலே ஆங்கிலத்தை விடுத்துத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். தம் மாணவரோடு சேர்ந்து பெரிய பெரிய நூல்களை மொழிபெயர்த்தார். அந்நூல்களின் பெயர்களே அவர் பட்ட பாட்டைக் காட்டும். 'இரண வைத்தியம்' என்பது யாவர்க்கும் விளங்கும். 'மனுஷ அங்காதிபாதம்' வடமொழிக் கோவை. 'கெமிஸ்தம்' ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்வேடம். மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல முடியாது என்று இன்று கூறுவோர் மானிப்பாய் வீதியாலே ஒருமுறை போய்வரலாம். பின்னர் 1950, 60களிலே தாய்மொழிக் கல்வி விரிந்தபோது அரசகருமமொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வெளிவந்தன. மேற்பெருநாளம், கீழ்ப்பெருநாளம், ஈரல்வாயினாளம் என்றெல்லாம் நம் மாணவர் மனனம் செய்தது அவ்வழி வந்த கல்வியிலேதான்.

கடலுக்கு அப்பாலே வேறு சொற்றொகுதி வளர்ந்தது. தமிழ்நாட்டுப் பாடநூலிலே 'நாளமில்லாச் சுரப்பி' என்றொரு தொடர் வருகின்றது. யாழ்ப்பாண மாணவன் அதனை வாசித்தால் குருதி நாளம் இல்லாத சுரப்பி என்று கொள்வான். உண்மையில் அத்தகைய சுரப்பிகளுக்குக் குருதிக் குழாய்கள் இன்றியமையாதவை. அங்கே நாளம் என்றது நாம் 'கான்' என்று சொல்லும் சுரப்பு வடியும் வழியை. இருசாராரும் தத்தம் சொல்லை விடவேண்டும் என்று நான் வாதிட வரவில்லை. மற்றவர் சொல்லையும் அறிந்திருந்தாற் போதும் என்பது என் எண்ணம். சிரை என்ற சொல் இசைவாகவே இருக்கின்றது. எனினும் நாடியோடு சேர்த்துச் சொல்ல நாளமே எனக்கு இனிக்கின்றது.

மூதாட்டியின் காலுக்குத் திரும்புவோம். நிற்கும் போது காலிலுள்ள குருதி மேல்நோக்கி ஏறவேண்டும். கெண்டைக்காற் றசை சுருங்குந்தோறும் நாளங்களை நெருக்கிக் குருதியை மேலே தள்ள, வால்வுகள் அது கீழே இறங்காமற் காக்கின்றன. வால்வுகள் பழுதுபட்டால் குருதி தேங்கி நாளங்கள் புடைத்து முறுகுகின்றன. நாளடைவிலே கணுக்காலருகே தோல் கறுத்துப் புண்ணாகின்றது. இதற்கு முக்கிய பரிகாரம் காலை உயர்த்தி வைத்தலும், பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டுதலுமாகும். ஆனால் நாடி அடைபட்டதனால் உண்டாகும் புண்ணும் காலிலே தோன்றுவதுண்டு. அங்கே வருகின்ற குருதியே குறைவு. அதனை இறுக்கிக் கட்டினால் உள்ள சிறிதும் தடைப்பட்டுக் கால் அழுகவுங் கூடும். காலைக் கட்டுவதா, கட்டாது விடுவதா என்பது புண்ணுக்கு முன்னாலுள்ள அந்த ஒரு பெயரடையிலே தங்கியிருக்கின்றது. நரம்பு என்று பொதுவாகச் சொன்னால் இந்த வேறுபாடு மறைந்துபோகின்றது. உருவித் தேய்ப்பதும் தீங்கில்லாததன்று. ஆழத்து நாளத்திலே குருதி கட்டிபட்டிருந்தால், அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்க இடமுண்டு. ஒரு கால் திடீரென வீங்கி நோவெடுத்தால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

அன்று வைத்தியர் கட்டுப் போடுவதற்கு முன்னர், மூதாட்டியின் பாதத்தின் மேற்புறத்திலே இரண்டு விரல்களை வைத்துச் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். "காலிலையும் நாடி பார்க்கிறதோ, ஐயா?" என்று கேட்டார் மூதாட்டி. "இங்கை நாடி நல்லாய்த் துடிக்குது அம்மா. அதாலைதான் துணிஞ்சு இறுக்கிக் கட்டப்போறன்" என்றார் வைத்தியர். வாரந்தோறும் கட்டு மாற்றி, நாலு மாதத்திலே புண் ஆறிவிட்டது. எண்ணெய்ப் போத்தல் பாதி குறையாமல் இன்னும் அவர் வீட்டு மாடத்திலே இருக்கின்றது.