ஊவா மலைநாட்டில் ஒரு வாசகர்

நூல்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றை எழுதியவர்களைப் பற்றியே பேசுவர்; படித்தவர்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஒரு நூலை எழுத ஒருவர் போதும். அது நிலைத்து வாழப் பல வாசகர் வேண்டும். அவ்வாசகர் எங்கே இருக்கின்றார், எந்த விளக்கொளியில் படிக்கின்றார், படித்ததை எவ்வாறு எடைபோடுகின்றார் என்பவற்றை அறியாமல் ஓர் இலக்கியத்தின் வரலாற்றை முழுமையாக அறிந்துவிட முடியாது. இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்கள் இவ்வுண்மைக்கு நல்லதொரு சான்றாகும்.

ஊவாவின் தலைநகரம் பதுளை. கொழும்பிலிருந்து மலைநாட்டை நோக்கிப் புறப்படும் புகையிரதப் பாதை இந்நகரோடு முடிவடைகின்றது. ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல ஆகிய ஊர்களைக் கடந்து, தெமோதரையில் ஒரு வட்டமிட்டுத் தன் பாதைக்குக் கீழேயே சுரங்கத்துள் நுழைந்து, ஹாலிஎல வழியாக அது பதுளையை அடையும். 1924 ஆம் ஆண்டில் இப்பாதை பதுளைவரை திறக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகளை இறக்கிச் செல்வதற்கு அமைந்த அப்பாதையிலேதான் கடிதங்களும் செய்தித்தாள்களும் புத்தகக் கட்டுகளும் மலையேறி வந்தன. பதுளையிலிருந்து பசறைக்கும், லுணுகலைக்கும், மடுல்சீமைக்கும், நமுனுகுலை மலையடிவாரத் தோட்டங்களுக்கும் அவை மேலும் செல்ல வேண்டும். நகரத்தார் காசு கொடுத்துக் கடையில் வாங்கும் ஓர் இதழ், தோட்டத்து லயத்தை அடையும்போது பல கைகள் மாறியிருக்கும். சில நாட்கள் பிந்தியுமிருக்கும்.

லயத்தில் வாசிப்பு என்பது தனிமையான செயலாக இருக்கவில்லை. ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் வாழும். அடுப்பும் படுக்கையும் அதற்குள்ளேயே அமையும். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் கொழுந்து பறித்து மீள்வோருக்கு, மாலையில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றியே ஓய்வு கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பெரிய எழுத்துப் புத்தகத்தை இராகமிட்டுப் படிப்பார். ஏனையோர் கூடியிருந்து கேட்பர். அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் மதுரைவீரன் கதையும் இவ்வாறு செவிவழியே பரவின. கேட்டவர்கள் வாளாவிருந்தாரல்லர். நல்லதங்காளை வாட்டிய மூளியலங்காரியை அவர்கள் ஏசினர். பசியால் வாடிய பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விட்டனர். எழுத்தறியாதவரும் திறனாய்வாளராக இருக்கக்கூடும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தோட்டப் பள்ளிக்கூடங்களோ நெடுங்காலம் ஓராசிரியர் பள்ளிகளாகவே இருந்தன. சில வகுப்புகளோடு கல்வி முடிந்துவிடும். பிள்ளை மலைக்கு வேலைக்குப் போகும். ஆகவே படிக்கக் கற்ற பின்னும் படிப்பதற்கு வழியற்றுப்போனவர் பலர். இந்தச் சூழலில் பிறந்து, வாசிப்பையே வாழ்வின் பெரும்பணியாக ஆக்கிக்கொண்ட ஒருவரை ஊவா மலைநாடு தந்தது. அவரே தெளிவத்தை ஜோசப்.

ஜோசப், 1934 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 16 ஆம் நாள், பதுளைப் பகுதியைச் சார்ந்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தார். அவருடைய தந்தையார் அத்தோட்டத்துப் பள்ளியின் ஆசிரியர். மகனுடைய தொடக்கக் கல்வி தந்தையிடமே நிகழ்ந்தது. பின்னர்த் தமிழ்நாட்டில் கும்பகோணத்திலும், அதன்பின் பதுளையிலும் அவர் பயின்றார். தெளிவத்தை என்பது அவர் பணிபுரிந்த தோட்டத்தின் பெயர். பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னே தோட்டத்தின் பெயரை அவர் விரும்பிச் சூட்டிக்கொண்டார். தோட்டத்தான் என்ற சொல் இகழ்ச்சியாக வழங்கிய காலத்தில் அது சிறிய செயலன்று.

அவருடைய இளமைக்காலம் தமிழ்நாட்டு வார இதழ்கள் கடல் கடந்து செழித்த காலம். ஆனந்த விகடனும், 1941 இல் தோன்றிய கல்கியும் இலங்கைத் தமிழர் இல்லங்களில் ஆவலோடு எதிர்பார்க்கப்பட்டன. 1950 இல் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த பொன்னியின் செல்வனைப் போன்ற கதைகள் பல்லாயிரவரை வாசகராக்கின. அக்கதைகளில் சோழ நாட்டின் ஆறுகள் இருந்தன. சென்னைப் பட்டணத்தின் தெருக்கள் இருந்தன. ஆனால் தேயிலைச் செடியின் இடையே கூடை சுமந்து நிற்கும் ஒருத்தியை அங்கே காண்பது அரிது. பிறருடைய ஊரைப் படித்து மகிழ்பவர், தம்முடைய ஊர் ஏன் எழுதப்படவில்லை என்று வினவத் தொடங்கும் கணமே வாசிப்பில் முக்கியமான கணம்.

மலைநாட்டைப் பற்றிய எழுத்தே இல்லாமலில்லை. புதுமைப்பித்தனின் துன்பக்கேணி 1935 இல் மணிக்கொடியில் வெளிவந்தது. மருதி என்னும் ஏழைப்பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அடையும் துயரங்களை அது காட்டுகின்றது. தமிழின் தலைசிறந்த சிறுகதையாசிரியர் ஒருவர் இம்மக்களின் துன்பத்தைக் கண்டு கொதித்தது பெருமைக்குரியதே. ஆயினும் தோட்டத்து வாசகர் அதனை இருவகை மனத்தோடு படிப்பது இயல்பு. துன்பம் உண்மை, ஆனால் துன்பம் மட்டுமே வாழ்க்கையன்று. காமன் கூத்தும், கலியாணமும், பிள்ளையின் பள்ளிக் கனவும், தொழிற்சங்கக் கூட்டமும் அங்கே உண்டு. அவற்றை உள்ளிருந்து பார்த்தவர்களே எழுத முடியும். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947 இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவ்வாறு எழுதியவர்; தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் அவர் தொகுத்தார். கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை என்னும் நாவல் 1964 இல் வெளிவந்தது.

அதே பத்தாண்டில் வீரகேசரி, மலைநாட்டு எழுத்தாளருக்கெனச் சிறுகதைப் போட்டிகள் நடைபெற இடமளித்தது. பரிசு பெற்ற கதைகள் 1971 இல் கதைக்கனிகள் என்னும் தொகுப்பாயின. ஜோசப்பும் அவ்வழியே அறிமுகமானவர். காலங்கள் சாவதில்லை என்ற நாவல் 1974 இலும், நாமிருக்கும் நாடே என்ற சிறுகதைத் தொகுதி 1979 இலும் வந்தன. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்த ஒரு மக்கட்கூட்டத்தில் பிறந்தவர், தம் நூலுக்கு ‘நாமிருக்கும் நாடே’ என்று பெயரிட்டதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்நூலுக்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது.

எழுத்தாளரான பின்னரும் அவர் வாசகராகவே இருந்தார் என்பதுதான் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. பழைய இதழ்களைத் தேடுவது, சிறு பத்திரிகைகளைச் சேர்ப்பது, ஒரு கதை எங்கே எப்போது வெளிவந்தது என்று குறித்து வைப்பது என அவருடைய வாசிப்பு ஒரு தேடலாயிற்று. அத்தேடலின் விளைவே 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த மலையகச் சிறுகதை வரலாறு. துரை விஸ்வநாதனின் துரைவி பதிப்பகம் வெளியிட்ட மலையகச் சிறுகதைகள், உழைக்கப் பிறந்தவர்கள் ஆகிய தொகுதிகளையும் அவரே தொகுத்தார்.

அவ்வரலாற்று நூலில் அவர் சொன்ன முடிபுகளுள் ஒன்று பெரிதும் பேசப்பட்டது. தொழிற்சங்க முன்னோடியும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யர் எழுதிய ராமசாமி சேர்வையின் சரிதமே மலையகத்தின் முதற் சிறுகதை என்பது அது. நடேசய்யரைத் தலைவராகவும் பேச்சாளராகவும் அறிந்தவர் பலர். கதையாசிரியராக அறிந்தவர் சிலர். பழைய தாள்களுள் மறைந்து கிடந்த ஒரு சரிதத்தைச் சிறுகதை என்று கண்டுகொள்ள, பல கதைகளைப் படித்துப் பழகிய கண் வேண்டும். ‘முதல்’ என்னும் முடிபு மறுப்புக்கு அப்பாற்பட்டதன்று. நாளை வேறொரு வாசகர் அதனினும் பழைய கதையொன்றைக் கண்டெடுக்கவும் கூடும். ஆனால் கருத்தைச் சொல்பவர் அதற்குரிய சான்றை எடுத்துவைத்தால்தான் பிறர் அதனை ஏற்கவோ மறுக்கவோ இயலும். வெறும் விருப்பு வெறுப்புக்கும் பொறுப்புள்ள வாசகரின் கருத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவ்வகை வாசிப்பு ஏன் இன்றியமையாதது? மலையக மக்களுக்குத் தாளின் மதிப்பு நன்கு தெரியும். பிறப்புச் சான்றோ குடியிருப்புச் சான்றோ இல்லாமையால் உரிமை மறுக்கப்பட்டோர் அவர்களுள் எண்ணிறந்தோர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர், பலர் இந்தியா சென்றனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை நீண்டது. பத்திரம் இல்லாதவனுக்கு நாடில்லை என்றாற்போல, பதிவு இல்லாத இலக்கியத்துக்கு வரலாறில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தகைய நாட்டில், ஒரு தனி வாசகர் தம் அலமாரியில் காத்துவைத்த பழைய இதழும் பொதுச்சொத்தே ஆகின்றது. இன்று, 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துக் காத்து வருகின்றது. அங்கே சேர்வதற்கு முன்னால், அவற்றை யாரேனும் ஒருவர் எறிந்துவிடாமல் வைத்திருந்திருக்க வேண்டும் அன்றோ?

தெளிவத்தை ஜோசப்புக்கு 2013 இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது. 2022 இல் அவர் மறைந்தார். அவருடைய வாழ்விலிருந்து வாசகர் கற்கத்தக்கவை எளியவை: கிடைப்பதைப் படித்தல், படித்ததில் தம் மக்கள் எங்கே என்று தேடுதல், பிடித்ததற்கும் பிடியாததற்கும் காரணம் சொல்லுதல், நூலின் ஆண்டையும் இடத்தையும் குறித்து வைத்தல், தமக்குப் பயன்பட்ட தாளைப் பிறருக்காகப் பேணுதல். இவற்றுக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஊவாவின் மலைச்சரிவில் இன்றும் லயங்கள் உண்டு. அவற்றில் ஏதோவொன்றில், கிழிந்த அட்டையோடு ஒரு பழைய இதழ் தகரப் பெட்டியின் அடியிற் கிடக்கலாம். அதனை அடுப்பெரிக்க எடுக்குமுன், ஒருமுறை விரித்துப் படித்துப் பார்ப்பவரே நாளைய வரலாற்றுக்கு முதற் சாட்சியாவார்.