தட்டுக்கு முன்னே – 6: சொத்தைக் கத்தரிக்காய் தரும் சான்றிதழ்

ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தைகளில் கத்தரிக்காய் விற்பவர் தவறாமல் சொல்வது: “புழு இருக்கு பாருங்க சார், மருந்தே அடிக்கலை.” வாங்குபவரும் சொத்தையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கூடுதல் காசு கொடுத்து நிம்மதியாக வாங்கிப் போகிறார்.

கத்தரி பயிரிட்ட எவரிடமாவது இதைச் சொல்லுங்கள், சிரிப்பார். கத்தரியைச் சொத்தையாக்கும் காய்த்துளைப்பான் புழுவின் தாய் அந்துப்பூச்சி பெரும்பாலும் இலையின் அடியில் முட்டையிடும். பொரித்து வரும் புழு சில மணி நேரத்துக்குள் குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே புகுந்துவிடும். நுழைந்த வழியைத் தன் கழிவாலேயே அடைத்தும்கொள்ளும். அதன்பிறகு வெளியே எதைத் தெளித்தாலும் அதன்மேல் அவ்வளவாகப் படாது. படாததால்தான் விவசாயி விடாமல் தெளிக்கிறார். மரபணு மாற்றிய பி.டி. கத்தரி உருவானதே இந்த ஒரு புழுவுக்காகத்தான். 2010 பிப்ரவரியில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013இல் அனுமதித்தது. அந்தச் சண்டை இன்னொரு வாரத்துக்கு இருக்கட்டும். மருந்தடித்த தோட்டத்திலும் சொத்தை உண்டு, அடிக்காத தோட்டத்திலும் உண்டு. சொத்தையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய நெல் விஷயமும் இப்படித்தான். விதை பழையதாக இருந்தால் சாகுபடியும் பழைய முறையில்தான் நடந்திருக்கும் என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். காட்டுயானம் என்ற பழைய நெல்லுக்கும் யூரியா போடலாம். உயரமான ரகம், தழைச்சத்து கூடினால் சாய்ந்துவிடும் என்பதால் அளவு பார்த்துப் போடுவார்கள், அவ்வளவுதான். மறுபுறம், ஒரு நவீன ஐ.ஆர். நெல் ரகத்தைத் தொழுவுரமும் பஞ்சகவ்யமும் மட்டும் கொடுத்து வளர்த்து, முறையாகச் சான்றும் வாங்கலாம். கடைக்காரர் தீட்டாத அரிசி, மரச்செக்கு எண்ணெய், நாட்டுச்சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்குகிறார். நாமும் எல்லாம் ஒரே குலம் என்று நம்பிவிடுகிறோம். ரசாயனம் படாத கரும்பின் சர்க்கரையும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும்.

‘மருந்தே கிடையாது’ என்பதும் முழு உண்மையல்ல. இயற்கை வேளாண் விதிகள் பெரும்பாலும் விலக்குவது செயற்கையாகத் தயாரித்த ரசாயனங்களை. மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1880களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பிறந்தது. பூஞ்சைக்கு எதிரான தாமிர மருந்துகளுக்குப் பல நாட்டு இயற்கை வேளாண்மையில் கட்டுப்பாட்டோடு இன்றும் இடமுண்டு. தாமிரம் மக்கிப்போகாது, மண்ணிலேயே தங்கிவிடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

கிருமிக்கோ ‘இயற்கை’ என்ற முத்திரை தெரியாது. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை தொற்று பரவியபோது முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயின் மேல் பழி விழுந்தது. அந்நாட்டு விவசாயிகள் விளைந்ததைக் குப்பையில் கொட்டினார்கள். கடைசியில் விசாரணை போய் நின்றது, வடஜெர்மனியில் இயற்கை முறையில் முளைப்பயறு தயாரித்த ஒரு பண்ணையில். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையே மூலம் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். 50 பேருக்கு மேல் இறந்தனர். அந்தப் பண்ணை இயற்கைப் பண்ணை என்பதால் இது நடக்கவில்லை. இயற்கைப் பண்ணை என்பதால் நடக்காமலும் போகவில்லை. முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் எந்தப் பண்ணையிலும் கிருமிக்குக் கொண்டாட்டம்தான்.

இயற்கை விளைச்சலில் சத்து அதிகமா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. 2012இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சத்தில் பெரிய வேறுபாட்டுக்குப் பலமான ஆதாரமில்லை என்றார்கள். 2014இல் பிரிட்டனிலிருந்து வந்த தொகுப்பு, ஆன்டி ஆக்ஸிடன்ட் கூடுதல், காட்மியம் குறைவு என்றது. பூச்சிமருந்து எச்சம் குறைவு என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. எனக்கு அது போதும். ஆனால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் மற்ற வாக்குறுதிகளுக்குப் பணம் கொடுக்க மாட்டேன்.

பாக்கெட்டில் தேட வேண்டியது இயற்கை வேளாண் சான்று முத்திரையை. அதன் பின்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 2001இல் தொடங்கிய இயற்கை உற்பத்திக்கான தேசியத் திட்டத்தின் கீழ் மூன்றாம் தரப்பு வந்து சோதிப்பது. மற்றது பி.ஜி.எஸ்.: ஊர் விவசாயிகளே குழுவாகி ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று சொல்வது. ரசாயனத்தை நிறுத்திய மறுநாளே சான்று கிடைத்துவிடாது. தேசியத் திட்டத்தில் நெல், காய்கறி போன்ற பயிர்களுக்குப் பொதுவாக 2 ஆண்டு, மா, தென்னைக்கு 3 ஆண்டு மாறுகாலம். அந்த நாட்களில் விளைச்சல் குறையும், விலையும் ஏறாது. சிறு விவசாயிக்குப் பாரம் இதுதான். முத்திரை இல்லாதவரெல்லாம் ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தெரிந்தவர் என்றால் வயலை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் இயற்கை விளைபொருளை வாங்குவதற்கு முதல் காரணம் என் உடம்பல்ல. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் நச்சேறி இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் படுத்தார்கள். நம் தட்டுக்கு வருவது எச்சம். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, முகமூடி இல்லாமல் காற்றுக்கு எதிரே நடக்கும் கூலிக்காரர் மேல் விழுவது முழு மருந்து.

(தொடரும்)