கருத்தடைச் சிகிச்சைக்குப் பின் பட்டி நாயின் சுபாவம்

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் போகும் வழியில் உள்ள உக்கடத்தில், தெரு நாய்களுக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்வதற்கென்று மாநகராட்சியார் ஒரு நிலையத்தை ஏற்படுத்தியிருக்கின்றனர். சீரநாயக்கன்பாளையத்திலும் இத்தகைய நிலையம் ஏற்பட்டது. நாயைப் பிடித்து வந்து, ஆணாயின் விதைகளையும் பெட்டையாயின் சூலகத்தையும் கருப்பையையும் நீக்கி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்திற்காகக் காதோரத்தில் சிறிது கத்தரித்து, சில நாள் வைத்திருந்த பின்பு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது இங்குள்ள முறை. 2001ஆம் வருஷத்து விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023ஆம் வருஷத்து விதிகளும் இம்முறையையே வகுத்திருக்கின்றன. தெரு நாய்க்கு உள்ளாட்சியாரும், வளர்ப்பு நாய்க்கு அதை வளர்ப்பவரும் பொறுப்பு என்பதும் அவ்விதிகளில் கண்டிருக்கிறது.

நகரத்து நாய்க்குச் செய்யும் சிகிச்சை தோட்டத்துக் குடியானவருக்கு எதற்கு என்று கேட்கலாம். 2024, 2025ஆம் வருஷங்களில் காங்கேயம், வெள்ளக்கோயில், தாராபுரம் பக்கங்களில் இராக்காலத்தில் நாய்கள் கூட்டமாகப் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதையும், ஆடு இழந்தவர்கள் ஈடு கேட்டுப் போராடியதையும் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. அந்நாய்கள் வானத்திலிருந்து வந்தவையல்ல. தோட்டத்துச் சாளையிலே பெட்டை நாய் ஈன்ற குட்டிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சாக்கில் கட்டிச் சாலையோரத்திலோ வாய்க்கால் மேட்டிலோ விட்டுவருகிற வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அவற்றுள் பிழைத்தவைதான் இரண்டு வருஷத்தில் கூட்டம் சேர்ந்து படலைத் தாண்டுகின்றன.

ஆயினும் தமது நாய்க்குக் கருத்தடை செய்விக்கக் குடியானவர்கள் தயங்குகிறார்கள். காவல் கெட்டுவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். காளைக்குக் காயடித்தால் முரட்டுத்தனம் அடங்கி ஏருக்கு வசப்படுகிறதல்லவா, அதுபோல் நாயும் அடங்கிப்போனால் திருடனைக் கண்டு குரைப்பது யார் என்பது அவர்களுடைய வாதம். வாதம் கேட்கத் தகுந்ததே; ஆனால் அதற்கு விடை அவர்கள் சாளையிலேயே படுத்திருக்கிறது. பெட்டை நாய் கடுவனுக்குக் குறையாமல் காவல் காப்பதை யாவரும் அறிவர். காவல் புத்தி விதையிலிருந்து வருவதாயின் பெட்டைக்கு அது எப்படி வந்தது? இடத்தின் மேலும், மந்தையின் மேலும், வளர்ப்பவர் மேலும் உள்ள பற்றே காவலுக்கு மூலம். அமெரிக்காவில் ஆட்டு மந்தை காக்கும் பெரிய ஜாதி நாய்களுக்குக் கருத்தடை செய்து வேலைக்கு வைப்பது சாதாரண வழக்கம். அதனால் காவல் குறைந்ததாக அங்கு காணப்படவில்லை.

இந்தப் பயம் நிலைத்து நிற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிகிச்சை முடிந்து வீடு வந்த நாய் முதல் பத்துப் பதினைந்து நாட்களில் நடந்துகொள்ளும் மாதிரியைப் பார்த்து, இனி இதன் குணமே இப்படித்தான் என்று உடையவர் தீர்மானித்துவிடுகிறார். மூன்றாம் நாள் பட்டியில் கட்டிய நாய் தன் மேல் ஏறிய குட்டியைச் சீறிக் கவ்வுகிறது. ஆட்டைக் கடிக்கப் பழகிவிட்டது என்று அதை அடித்துத் துரத்துகிறார்கள். நல்ல காவல் நாய் ஒன்று தெரு நாயாகிறது. வயிற்றிலே தையல் உள்ள பிராணியின் மேல் குட்டி துள்ளி விழுந்தால் அது வேறென்ன செய்யும்?

ஆகவே அந்நாட்களில் என்ன நிகழும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

முதல் நாள் நாயின் நடத்தை மயக்க மருந்தினால் ஆவது. கால் தள்ளாடும்; காரணமின்றி ஊளையிடும், முனகும்; வெறித்துப் பார்க்கும்; சோறு போட்ட கையையே அடையாளம் தெரியாமல் உறுமுவதும் உண்டு. இது வலியினால் மட்டும் அன்று. மருந்து இறங்கும்போது நாய்க்கு இடமும் ஆளும் குழம்பிப்போகின்றன. அப்போது பிள்ளைகள் அதன் முகத்தருகே போவதும், கட்டித் தூக்குவதும் கூடாது. கடிக்குமோ என்று வாயைத் துணியால் கட்டுவது அதனினும் அபாயம். வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடும். உடம்பின் சூடு குறைந்திருக்குமாகையால் காற்றுப் படாத, அரையிருட்டான இடத்தில் சாக்கின் மேல் படுக்கவைக்க வேண்டும். கிணற்று மேடும் தொட்டியும் அருகில் இருக்கலாகாது. எழுந்து நிலையாக நின்ற பின்பே கொஞ்சம் தண்ணீர். அது தங்கினால் வழக்கத்தில் பாதி ஆகாரம்.

இரண்டாம் நாள் முதல் நான்கைந்து நாள் வரை வலியின் காலம். நாய் மூலையில் ஒதுங்கும். கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டும். தொட்டால் திரும்பிப் பார்த்து உதட்டைச் சுருக்கும். வாசலில் ஆள் வந்தாலும் குரைக்காமல் இருப்பதைக் கண்டு உடையவர் மனம் சோர்ந்துபோகிறார். குரைப்பதற்கு வயிற்றுத் தசை இறுக வேண்டும் என்பதை நினைத்தால் சோர்வு நீங்கும். வீட்டில் வேறு நாய் இருந்தால், ஆஸ்பத்திரி வாசனையோடு வந்த இதை அந்நியனாக எண்ணி அது மேலே பாய்வதும் உண்டு. இரண்டையும் சில நாள் பிரித்தே வைக்க வேண்டும்.

வலி தாங்காதென்று மனிதருக்குள்ள மாத்திரைகளைக் கொடுப்பது பெருந்தவறு. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் இபுபுரூபன், டைக்ளோபினாக் முதலியவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் ஈரலுக்கு விஷம். கால்நடை மருத்துவர் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

ஐந்தாம் நாளுக்கு மேல் வலி தணிந்து அரிப்பு தொடங்கும். அபாயமான காலம் இதுவே. நாய் சுகமாகிவிட்டதென்று எண்ணி அவிழ்த்துவிடுகிறார்கள். உள்ளே தசை இன்னும் ஒட்டியிராது. ஓடித் தாண்டினால் தையல் விடும். நக்கியே தையலைப் பிரித்துவிடும் நாய்களும் உண்டு. கழுத்துக்குப் போடும் கூம்பு கிடைக்காவிடில், சிறு பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து, ஓரத்தை மழுக்கி, கழுத்துப் பட்டையோடு கட்டிவிடலாம். முதல் நாள் அதோடு சுவரில் முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும், பிறகு பழகிப்போகும். புண்ணின் மேல் சாம்பலும் வண்டி மசகும் பூசுவது தவறு. குளிப்பாட்டுவதும் பத்துப் பதினான்கு நாளைக்கு ஆகாது. ஈ மொய்த்தால் புழு வைக்கும். கட்டுத்தரைச் சாணத்தருகே கட்டாதிருப்பதே அதற்கு முதல் மருந்து.

பெட்டை நாய்களில் மட்டும் காணும் ஒரு மாறுதலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. சிகிச்சையான சில நாளைக்குள், குட்டியே இல்லாத நாய் மண்ணைத் தோண்டிப் படுக்கை செய்கிறது. பழந்துணியையோ தேங்காய் மட்டையையோ கவ்விவைத்துக் காத்து, அருகில் வந்தவரைச் சீறுகிறது. மடியில் பாலும் கட்டுகிறது. இதைப் பேய்க்கோளாறு என்பாரும், கருப்பையை எடுத்த பாவம் என்பாரும் உண்டு. காரணம் எளியது. பருவம் கழிந்த பின்பு, சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பெட்டை நாயின் சூலகம் ஏறக்குறைய இரண்டு மாதம் சினைக்குரிய சுரப்பைச் சுரந்துகொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் சூலகத்தை எடுத்தால் அச்சுரப்பு சடுதியில் நின்றுபோகிறது. ஈன்றுவிட்டதாகவே உடம்பு எண்ணிப் பால் சுரக்கும் ஏற்பாட்டைத் தொடங்குகிறது. மடியைப் பிதுக்காமலும், காத்துவரும் பொருளை நாய் காணாதபோது அகற்றியும் விட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அடங்காவிடில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பருவம் கழிந்து மூன்று மாதமான பின்பு சிகிச்சைக்குக் கொண்டுபோனால் இத்தொல்லை அநேகமாக வராது. வளர்க்கும் நாயின் பருவ நாளைப் பஞ்சாங்கத்தில் குறித்துவைக்க ஒரு பென்சில் போதும்.

இருட்டைத் தேடுதல், எச்சில் ஒழுகல், உறுமல் இவற்றைக் கண்டு வெறிநோயென்று கலங்குவதும் இயல்பு. சிகிச்சையான நாய் முதல் நாளில் மோசமாயிருந்து நாளுக்கு நாள் தெளியும். வெறிநோய் கண்டது நாளுக்கு நாள் கெடும். தாடை தொங்குதல், தண்ணீர் விழுங்க முடியாமை, குரல் மாறிப்போதல், காண்பவற்றையெல்லாம் கடித்தல் ஆகியவை கண்டால் ஆட்கள் நெருங்கக் கூடாது; அத்தகைய நாய் பத்து நாளைக்குள் இறந்துவிடும். எந்த நாய் கடித்தாலும், காரணம் வலியா வெறியா என்று ஆராய்ந்துகொண்டிராமல், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். 1907இல் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்ட காலத்தில் ஊசிக்காக மலையேறிப் போக வேண்டியிருந்தது; இப்போது அரசு ஆஸ்பத்திரிகளிலேயே போடுகிறார்கள்.

உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய குறிகள் வேறு: ஈறு வெளுத்து உடம்பு சில்லிடுதல், இரண்டாம் நாளும் ஆகாரம் தொடாமை, ஓயாத வாந்தி, புண்ணில் சீழ் அல்லது நாற்றம், தையலருகே வயிறு புடைத்தல், ஆண் நாயின் விதைப்பை பந்துபோல் வீங்குதல்.

ஆண் நாயைப் பற்றிப் பலரும் அறியாதது ஒன்று உண்டு. விதை நீக்கிய மறுநாளே அதன் சுரப்பு இரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டாலும், குழாய்களில் தங்கிய விந்தினால் சில வாரம் வரை அது பெட்டையைச் சினைப்படுத்தக்கூடும். ஆறு வாரம் விலக்கி வைப்பது நல்லது. ஊர் சுற்றுதல், பெட்டைக்காகச் சண்டையிடுதல், தூணுக்குத் தூண் சிறுநீர் விடுதல் ஆகியவை பல நாய்களில் சில மாதங்களில் குறைகின்றன. நெடுநாள் ஊறிய பழக்கம் முற்றிலும் போவதில்லை. இயல்பிலேயே பயந்து கடிக்கும் நாய்க்கு இச்சிகிச்சை மருந்தாகாது. சிலவற்றில் அச்சம் கூடுவதும் உண்டு. அப்படிப்பட்டதை மருத்துவரிடம் சொல்லிய பின்பே முடிவு செய்ய வேண்டும். பசி கூடுவது மட்டும் ஏறக்குறைய எல்லா நாய்க்கும் உண்டு. பழைய அளவுக்குக் களியும் சோறும் போட்டுக்கொண்டே வந்து, நாய் கொழுத்து நிழலை விட்டு எழாதபோது, காவல் கெட்டது சிகிச்சையால் என்று பழிசொல்வது நியாயமன்று. ஆகாரத்தில் நாலில் ஒரு பங்கு குறைத்தால் போதும்.

புண் ஆறிய பின்பும் நாயை நேரே பட்டிக்குள் விடாமல், முதலில் இரண்டு மூன்று மாலை சங்கிலியில் கட்டி மந்தையோடு கூட நடத்திப் பார்க்கலாம். பெரிய ஆடுகளிடம் அமைதியாயிருந்தால் குட்டிகளிடம் விடலாம். அந்த இரண்டு மூன்று வாரமும் இராக்காவலுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஆகவே இரண்டு நாய் வைத்திருப்பவர் ஒரே சமயத்தில் இரண்டையும் கொண்டுபோகாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்விப்பது உசிதம்.

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் தங்கள் ஊரில் தெரு நாய்களுக்குச் சிகிச்சை நடக்கும்போது, நாய்கள் திரும்பி வரும் நாளை முன்னதாகவே ஊராருக்குத் தெரிவிக்க வேண்டும். காதோரம் வெட்டுள்ள நாய் சோர்ந்து கிடந்தால் கல்லெறிய வேண்டாமென்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது அவசியம். பள்ளி, ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம் முதலிய வளாகங்களில் பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடலாகாதென்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், எந்த நாய் எங்கே பிடிபட்டது என்பதற்கு ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, பிடித்த தேதி, ஆணா பெட்டையா, நிறம், விட்ட இடம், விட்ட தேதி இவற்றை அன்றன்றைக்கே எழுதிவர வேண்டும்.