குளத்துப் படியும் நாலரை மணி அலாரமும்

எதிர் வீட்டுத் தம்பி ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம் வந்தால் ஐந்தேகால் மணிக்கெல்லாம் தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வந்தவன் போனை என் பக்கம் நீட்டினான். "அண்ணே, தூக்கத்தைக் கணக்குப் பண்ணி எழுப்புற ஆப்பாம். நாலரைக்கு எந்திரிச்சா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. இது சரி பண்ணிடுமா?"

பண்ணும், பண்ணாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் அது எதைக் கணக்குப் பண்ணுகிறது என்று பார்ப்போம் என்றேன்.

தூக்கம் என்பது கோயில் குளத்தில் படி இறங்குவது மாதிரி. முதல் படியில் கண் அசரும். அப்போது யாராவது கூப்பிட்டால், "நான் எங்கே தூங்கினேன்?" என்று கேட்போம். இரண்டாம் படி இலேசான தூக்கம். இரவில் ஏறக்குறைய பாதி நேரம் இங்கேதான் கழிகிறது. அடிப்படியில் ஆழ்ந்த தூக்கம். மூளையின் மின்னலைகள் பெரிதாக, மெதுவாக அடிக்கும். பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் காதில் விழாது. அங்கிருந்து மேலே ஏறி வந்தால் கனவுத் தூக்கம். மூடிய இமைக்குள் விழிகள் அங்குமிங்கும் ஓடும், கை கால் மட்டும் கட்டிப்போட்டது போல அசையாமல் கிடக்கும். இறங்கி ஏறும் இந்த ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம். ஓர் இரவில் நான்கைந்து சுற்று வரும்.

கனவுத் தூக்கம் என்று தனியாக ஒன்று இருப்பது 1953-ல்தான் அறிவியல் இதழில் வெளியானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர், தன் எட்டு வயது மகனின் கண்ணோரம் மின்முனைகளை ஒட்டித் தூங்கவைத்தார். கருவியின் முள் இரவெல்லாம் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று முள் தாறுமாறாக ஆடியது. பையன் விழித்துவிட்டான் என்று நினைத்து உள்ளே போய்ப் பார்த்தால், அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறான். தூங்கும் பிள்ளையை உட்கார்ந்து கவனித்த ஒரு தகப்பனிடமிருந்து இந்த அறிவு வந்தது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் நெகிழ்ச்சியான விஷயம்.

அடிப்படியில் கிடப்பவனை அலாரம் பிடித்து இழுத்தால் வருவதுதான் தூக்கக் கலக்கம். எழுந்து நடந்தாலும் மூளை இன்னும் கீழேதான் இருக்கும். பெரும்பாலும் 15 நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் தெளிந்துவிடும். தூக்கம் பாக்கி இருந்தால் இன்னும் இழுக்கும். மேல்படியில் இருக்கும்போது எழுப்பினால் அவ்வளவு பாரம் இருக்காது. ஆப் செய்ய நினைப்பது இதைத்தான். நாலரைக்கு எழ வேண்டும் என்று சொன்னால், நாலிலிருந்தே கவனித்து, நாம் புரளும் நேரமாகப் பார்த்து மெல்ல மணியடிக்கும். ஸ்வீடனிலிருந்து 2009-ல் வந்த ஸ்லீப் சைக்கிள் இந்த வகையில் பேர் வாங்கியது.

"நான் எந்தப் படியில இருக்கேன்னு போனுக்கு எப்படிண்ணே தெரியும்?"

தெரியாது, ஊகிக்கிறது. தூக்க ஆய்வுக்கூடத்தில் தலையில், கண்ணோரத்தில், தாடையில் என்று மின்முனை ஒட்டி மூளை அலையையே படிக்கிறார்கள். போன் பார்ப்பது அசைவை, இல்லையென்றால் மைக்கில் கேட்கும் சத்தத்தை. ஆழ்ந்த தூக்கத்தில் உடம்பு அசையாது. கனவுத் தூக்கத்திலும் கை கால் அசையாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல அதற்கு வழி குறைவு. காலையில் அது காட்டும் வண்ணப் படத்தைப் பார்த்து, "ஆழ்ந்த தூக்கம் குறைந்துவிட்டதே" என்று யாரும் மனசை வருத்திக்கொள்ள வேண்டாம்.

"நீ படுக்கிறது கட்டிலா, பாயா?" என்று கேட்டேன்.

"பாய்தாண்ணே. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் தங்கச்சி."

மெத்தையில் புரண்டால் ஓரத்தில் வைத்த போனும் சேர்ந்து ஆடும். சிமெண்ட் தரையில் விரித்த பாயில் எவ்வளவு புரண்டாலும் போன் அசையாது. மைக்கை நம்பினால், தங்கச்சி புரள்வதும் அம்மா இருமுவதும் ஃபேன் கிறீச்சிடுவதும் சேர்ந்து கேட்கும். யாரோ புரண்டதற்கு இவனை எழுப்பும். தனி அறையில் மெத்தை மேல் ஒருவர் படுப்பதை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னேன்: ராத்திரி முழுக்க ஓட வேண்டும் என்று சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துவிடாதே, சூடேறும்.

90 நிமிடக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுபவர்களும் உண்டு. சுற்று எல்லோருக்கும் 90 நிமிடம் இல்லை. 70-ம் இருக்கும், 120-ம் இருக்கும். ஒரே ஆளுக்கே ஒரே இரவில் மாறும். உன் சுற்று 100 நிமிடமாக இருந்தால், ஐந்து சுற்றில் கணக்கு 50 நிமிடம் தள்ளிப்போய்விடும்.

"சரி, நீ எத்தனை மணிக்குத் தூங்குற?"

"பன்னிரண்டு ஆயிரும்ணே."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. உடம்பு ஆழ்ந்த தூக்கத்தைப் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு மணி நேரத்திலேயே எடுத்துக்கொள்கிறது. ஒன்பதரைக்குத் தூங்குகிறவன் ஒன்று, ஒன்றரை மணிக்குள் அடிப்படியை அனேகமாக முடித்துவிடுவான். அதன் பிறகு மேல்படிகளும் கனவும்தான். நாலரைக்குச் சாதாரண அலாரம் அடித்தாலும் அவன் குளத்தின் மேலேதான் இருப்பான். பன்னிரண்டுக்குத் தூங்குகிறவனுக்கு, அதிலும் வாரக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவனுக்கு, நாலரைக்கும் அடிப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அவனை ஆப் நாலு மணிக்கே எழுப்பினால், இருக்கிற நாலரை மணி நேரத் தூக்கத்திலும் அரை மணி போய்விடும்.

இதோடு உடம்புக்குள் ஓடும் கடிகாரம் வேறு. விடிவதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பு உடல் சூடு மிகக் கீழே இறங்குகிறது; விழிப்பு எல்லோருக்குமே கடினமான நேரம் அது. ஷிஃப்ட் வாரா வாரம் மாறினால் அந்தக் கடிகாரம் தடுமாறும். அது அவன் சோம்பேறித்தனம் அல்ல. தன்னையே திட்டிக்கொண்டிருந்தான், அதனால் இதை இரண்டு தடவை சொன்னேன்.

"அப்ப இதை அழிச்சிரவா?"

வேண்டாம், முன்கூட்டி எழுப்பும் நேரத்தை 10 நிமிடத்துக்குக் குறைத்து வை என்றேன். சத்தம் மெல்ல ஆரம்பித்துக் கூடுவது நல்லதுதான். பஸ் போய்விடக் கூடாது, நாலரைக்குச் சாதாரண அலாரமும் இருக்கட்டும். எழுந்ததும் டியூப்லைட்டைப் போடு. வெளிச்சம் பட்டால் கலக்கம் சீக்கிரம் கலையும். சாயங்காலம் ஐந்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். ஒன்பதரைக்குப் படு.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"பத்தரை வரைக்கும் அந்த ரூம்லதாண்ணே டிவி ஓடும். அம்மாவுக்கு இருக்கிறதே அந்த சீரியல் ஒண்ணுதான்."

எங்கள் வீட்டுக் கூடத்திலும் டிவி இருக்கிறது, அதே சீரியல்தான் ஓடுகிறது. கிளாஸை எடுத்துக்கொண்டு அவனோடு நானும் எழுந்தேன். அவன் அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "அக்கா, இந்த வாரம் ராத்திரி எங்க வீட்டுக்கு வந்துடுங்களேன், சேர்ந்து பார்க்கலாம்" என்றேன்.