பழைய படத்தின் வயது

திருத்தணி மலைக்குச் செல்லும் வழியிலுள்ள கடைகளில், வள்ளி தெய்வயானையுடன் முருகன் காட்சி தரும் படங்கள் சட்டமிடப்பட்டுத் தொங்குகின்றன. ஊரின் பழைய வீட்டுப் பூசையறைகளிலும் இத்தகைய படங்கள் உண்டு. அவற்றுள் சில, கடைப் படங்களைவிட மூன்று தலைமுறை மூத்தவை. வீட்டை இடித்துக் கட்டும்போது அப்படியொரு படம் கைக்கு வந்தால், அது எக்காலத்தது, எவ்வாறு அச்சானது என்று அறிவது எப்படி? பழம்பொருள் வணிகர் சொல்லும் விலைக்குத் தலையசைக்கும் முன்னர் இவ்வினாவிற்கு விடை காண வேண்டும்.

முதலில் அச்சுமுறையைக் காண்போம். பவேரியாவைச் சேர்ந்த அலாய்ஸ் செனஃபெல்டர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்தது கல்லச்சு. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டுவர். ஈரமான இடம் மையை விலக்கும். வரைந்த இடம் ஏற்கும். நிறத்திற்கு ஒரு கல் வீதம் பல கற்கள் வேண்டும். ஓவியர் இரவிவர்மா 1894ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய அச்சகம் இம்முறையையே கையாண்டது. அது பின்னர் லோனாவ்லா அருகிலுள்ள மளவ்லிக்கு மாறியது. மயில்மேல் தேவியர் இருவருடன் ஆறுமுகன் அமர்ந்த படமும் அவ்வச்சகத்தின் வெளியீடே. (திருத்தணியில் முருகனின் வாகனம் யானை, எனினும் நாடு முழுவதற்கும் அச்சான படத்தில் மயிலே இடம்பெற்றது.)

உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும், சோதித்துவிடலாம். கல்லச்சுப் படத்தில் ஓவியர் கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். ஆப்செட் படத்திலோ நான்கு நிறப் புள்ளிகள் அணிவகுத்து நிற்கும். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898–1976) முதலியோர் வரைந்து, சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சான படங்களின் காலத்தில் ஆப்செட் முறை பரவியிருந்தது. பழைய சட்டத்திற்குள் புதிய நகலை வைத்து விற்போரின் சூழ்ச்சியும் இச்சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

படத்தில் காணப்படும் ஓவியரின் கையொப்பத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. அதுவும் படத்தோடு சேர்ந்து அச்சானதே. இரவிவர்மா 1906இல் மறைந்தார். அவருடைய ஓவியங்கள் அதன் பின்னரும் நெடுங்காலம் அச்சிடப்பட்டன. அச்சகத்தின் பெயர் கீழ் ஓரத்தில் இருந்தால் அதுவே வலிய சான்று. ஆனால் சட்டத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டி ஓரங்களை வெட்டிவிடும் வழக்கத்தால் அச்சான்று பல படங்களில் அழிந்துபோயிற்று.

முகப்பில் சான்று கிடைக்காதபோது பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சட்டமிட்ட கடையின் சீட்டு பின்பலகையில் ஒட்டப்பட்டிருக்கலாம். எல்லையோர ஊராகிய திருத்தணிக்கு இச்சீட்டு பெரிதும் உதவும். ‘சித்தூர் ஜில்லா’ என்று முகவரி இருந்தால், அது அம்மாவட்டம் உருவான 1911க்கு முற்பட்டதன்று. திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்த நாள் 1960 ஏப்ரல் 1. அதன்பின் அவ்வூர் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் காணப்பட்டால் சீட்டு 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. ‘திருவள்ளூர் மாவட்டம்’ என்றிருப்பின் 1997க்கு முன் செல்லாது. இருப்பினும் இச்சீட்டு சட்டத்தின் வயதையே கூறும். பழைய படத்திற்குப் புதுச் சட்டம் இடுவது இயல்பு. மீந்த பழைய சீட்டுகளைச் சில ஆண்டுகள் ஒட்டித் தீர்க்கும் சிக்கனக் கடைக்காரரையும் மறந்துவிடலாகாது.

வயது மட்டுமே விலையை உறுதி செய்வதில்லை. ஓரம் குறையாமை, நிறம் மங்காமை, கறையின்மை ஆகியவற்றையும் மதிப்பிடுவோர் நோக்குவர். சில படங்களில் தெய்வத்தின் ஆடைமேல் சரிகையும் மணிகளும் ஒட்டியிருப்பார்கள். அவற்றைக் குறையென்று கருதிப் பிய்த்தெடுப்பது பெரும் பிழை. ஒரு குடும்பம் படத்தைப் போற்றிய விதம் அதில் பதிந்துள்ளது. ஈரத்துணியால் துடைப்பது அதனினும் தீது. நீர்பட்டால் பழந்தாள் உப்பும். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் வண்ணம் பெயர்ந்துவிடும். பின்பலகையைக் கழற்றும் முன் இருபுறத்தையும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று. துருவேறிய ஆணிகளைப் பிடுங்கும்போது முதலில் கிழிவது அந்தக் கடைச் சீட்டே.